எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு ஏ

அந்த ஒரு வாரத்தில் நண்டுமேட்டில் நூற்றுச் சொச்சம் அடுப்புகள் புதிதாக முளைத்தன. சமைக்க அல்ல. கணக்குக் காட்ட.

கால்வாயை அழகுபடுத்தப் போவதாகப் பேப்பரில் வந்துவிட்டது. நடைபாதை, புல்தரை, சைக்கிள் விட ஒரு தடம், எல்லாம் படத்தோடு. படத்தில் ஒரு பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் ஓடுகிற இடம் எங்கள் கக்கூஸ் வரிசை. படத்தில் கக்கூஸ் இல்லை. நாங்களும் இல்லை.

எங்களைக் காலி செய்து வேறு இடத்தில் வீடு கொடுக்க, குடிசை மாற்று வாரியத்து ஆட்கள் பத்தாம் தேதி கணக்கெடுக்க வருகிறார்கள் என்ற செய்தியை டில்லிபாபுதான் கொண்டுவந்தான். கல்யாணத்துக்கு மைக்செட், சாவுக்கு ஐஸ்பெட்டி, ரெண்டையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வருகிறவன். வட்டச் செயலாளருக்கு வலது கை என்று அவனே சொல்லிக்கொள்வான். குழாயடியில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"நல்லா கேட்டுக்கங்க. தனி அடுப்பு, தனி கதவு, தனி கார்டு. இது மூணும் கீதா, அது ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு வூடு. ஒரே அடுப்புல பத்து பேர் துன்னா பத்து பேருக்கும் ஒரே வூடுதான். அப்பறம் வந்து டில்லி சொல்லல, டில்லி சொல்லலன்னு என் உயிர எடுக்காதீங்க."

நண்டுமேட்டில் அடுப்பைப் பிரிப்பது சின்ன விஷயம் இல்லை. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திரும்பி வந்து ஒரே சட்டியில்தான் சோறு. அடுப்பு பிரிந்தது என்றால் அந்த வீட்டில் ஏதோ செத்துவிட்டது என்று அர்த்தம். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஆளாளுக்குச் செங்கல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு செங்கல்லின் விலை ரெண்டே நாளில் மூன்று மடங்கு ஏறியது.

எட்டியம்மாவின் வீட்டிலும் ரெண்டாவது அடுப்பு வந்தது.

அந்த வீட்டில் ரெண்டு பொம்பளைகள், ஒரு குழந்தை. எட்டியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. புருசன் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போனவன், போனவன்தான். தம்பி பொன்னுரங்கம் வீட்டில் வந்து ஒண்டினாள். பொன்னுரங்கம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினான். மூன்று வருசத்துக்கு முன்னால் விடிகாலையில் துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று அவனையும் வண்டியையும் சேர்த்து நசுக்கிவிட்டுப் போனது. அவன் பொண்டாட்டி அஞ்சலாட்சி, குழந்தை மோனிஷா, நாத்தனார் எட்டியம்மா, மூன்று பேரும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மிஞ்சினார்கள்.

எட்டியம்மா நாலு மணிக்கு எழுந்து கூட்ஸ் தண்டவாளத்தைத் தாண்டி மீன் மார்க்கெட்டுக்குப் போவாள். மீன் விற்பவள் இல்லை, வெட்டித் தருகிறவள். வாங்கினவர்கள் கவரோடு நீட்டுவார்கள். செதில் உரசி, செவுள் பிடுங்கி, கேட்ட அளவுக்குத் துண்டு போட்டுத் தருவாள். கெளுத்தி வழுக்காமல் இருக்கச் சாம்பல் ஒரு டப்பாவில், புளியமரக் கட்டை ஒன்று, அருவாமனை ஒன்று. ரெண்டு தூணுக்கு நடுவில் உட்காருகிற அந்த மூன்றடி இடத்தைப் பிடிக்க அவளுக்குப் பதினோரு வருசம் ஆனது. பதினொன்றரைக்குத் தலையும் பொடிமீனும் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்து குழம்பு வைப்பாள்.

அஞ்சலாட்சிக்கு மாலில் வேலை. ரெண்டாவது மாடி கக்கூஸ் அவள் பொறுப்பு. ஒரு மணியிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும். பகலில் குழந்தையை அவள் பார்ப்பாள், அவள் கிளம்பினதும் எட்டியம்மா பார்ப்பாள். பதினொன்றே முக்காலுக்கு ஒருத்தி செருப்பைக் கழற்ற, இன்னொருத்தி செருப்பை மாட்டுவாள். அந்தக் குழந்தை ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை. அந்த வேலை ஒரு நாள்கூட நின்றதில்லை. மூன்று வருசமாக அந்தக் குடும்பம் நின்றது இந்தக் கால் மணி நேரத்தின் மேல்தான்.

வீட்டுக்குக் குறுக்கே பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டினார்கள். அதில் யாரோ ஒரு தலைவரின் காதும் பாதி மீசையும் இருந்தன. கால்வாய்ப் பக்கச் சுவரை இடித்து, பிளைவுட்டில் ஒரு கதவு. ரேஷன் கார்டு ஏற்கெனவே ரெண்டு இருந்தது, விதவைப் பென்ஷனுக்காக அஞ்சலாட்சி தனியாக வாங்கினது. அடுப்புதான் பிரச்சினை.

"புது மாப்ள மாதிரி பளபளன்னு கீது," என்றான் டில்லிபாபு, எட்டிப் பார்த்துவிட்டு. "கணக்கெடுக்க வர்றவங்க செவுத்தத் தொட்டுப் பாப்பாங்க பெரிம்மா. கைல கரி ஒட்டலன்னா நீ அவுட்டு."

"கரிக்கு எங்கடா போறது?"

"பழைய சைக்கிள் டயர் கொளுத்து. மூணு வருசக் கரி மூணு மணி நேரத்துல ஏறிடும்."

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் கூட்டமிருக்காது, அஞ்சலாட்சிக்கும் மாலில் அன்றைக்குத்தான் வார லீவு. அன்று மதியம் நண்டுமேடு பூராவும் டயர் எரிந்தது. மழை வரப்போகிற புழுக்கம், காற்று அசையவில்லை. கறுப்புப் புகை கூரைக்கு மேலே ஏறாமல் சந்துக்குள்ளேயே நின்றது. ரயில்வே பாலத்தின் மேல் போனவர்கள் குடிசை தீப்பிடித்துவிட்டது என்று போன் போட, தீயணைப்பு வண்டி வந்து நின்று, திட்டிவிட்டுப் போனது. எட்டியம்மாவும் அஞ்சலாட்சியும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுவரைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, உன் மூஞ்சப் பாரு. கரிச்சட்டி கவுத்த மாதிரி கீது."

"உன் மூஞ்சி மட்டும் இன்னா, பவுடர் டப்பாவா? அந்த மூலையில பூசு. ஏமே, மெய்யாலுமே பக்கத்து பக்கத்து வூடா குடுப்பானுங்களா?"

"டில்லி சத்தியம் பண்றான். வரிசைல நம்ம வூடு எண்பத்தெட்டு, இந்தப் பக்கம் எண்பத்தெட்டு ஏ. அடுத்தடுத்த நம்பரு, அடுத்தடுத்த கதவுன்றான்."

"அப்ப ஒண்ணுல நாம தூங்கலாம். இன்னொண்ணுல?"

"சாமான் போட்டுக்கலாம்."

"இன்னா சாமான் கீது நம்மளாண்ட?"

ரெண்டு பேரும் யோசித்தார்கள். அப்புறம் இருமலும் சிரிப்புமாக ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டார்கள்.

பத்தாம் தேதி கணக்கெடுப்பு தொடங்கி, மூன்றாம் நாள் எட்டியம்மா வீட்டுக்கு வந்தவள் ஒரு சின்னப் பெண். ஒப்பந்த வேலை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் விவரம் குறிக்கிற டேப்லெட். கூட, கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன், பெயின்ட் டப்பாவோடு ஒருத்தன். பதினோரு மணிக்கே அவள் துப்பட்டா நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எண்பத்தேழு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தாள். பொய் கேட்டுக் கேட்டு அவள் முகத்தில் கோபம்கூட மிச்சமில்லை.

"இது யார் வீடு?"

"என்னுது," என்றாள் அஞ்சலாட்சி. நீல யூனிபார்மைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். பன்னிரண்டு மணி பஸ்ஸை விடக் கூடாது.

"வீட்டுக்காரர்?"

"செத்துட்டாரு."

"திரைக்கு அந்தப் பக்கம்?"

"அது வேற வூடு. எங்க வூட்டுக்காரரோட அக்கா. நாங்க பேசிக்கறதில்ல."

அந்தப் பெண் சுவரைத் தொட்டாள். விரலில் கரி ஒட்டியது. டில்லிபாபு வெளியே நின்று வானத்தைப் பார்த்தான். அவள் குனிந்து அடுப்பின் மேலிருந்த சட்டி மூடியைத் திறந்தாள். நெத்திலிக் குழம்பு. மாங்காய் மூன்று துண்டு மிதந்தது. மூடிவிட்டுச் சுற்றிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனாள். அங்கே, அன்றைக்கென்று மார்க்கெட்டிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட எட்டியம்மா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பேரு?"

"எட்டியம்மா."

"வீட்டுக்காரர்?"

"ஓடிட்டான்."

அவள் டேப்லெட்டில் எதையோ தேடித் தொட்டாள். "கைவிடப்பட்டவர்," என்று வாய்க்குள் படித்தாள். அப்புறம் உள்ளே நுழைந்து இங்கேயும் சட்டியைத் திறந்தாள்.

நெத்திலிக் குழம்பு. மாங்காய் மூன்று துண்டு.

"ஏம்மா," என்றாள் அந்தப் பெண். "பேசிக்கறதே இல்ல, தனித்தனி வீடு. ரெண்டு வீட்லயும் ஒரே கொழம்பா?"

சுவரைக் கறுப்பாக்க மூன்று மணி நேரம் மூச்சுத் திணறினவர்களுக்கு ரெண்டு குழம்பு வைக்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இருக்கிற ஒன்றை ரெண்டாகப் பங்கு போடத்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு வேளைக்கு ரெண்டு குழம்பு வைக்கிற வீட்டை நாங்கள் பார்த்ததில்லை.

டில்லிபாபுவின் முகம் தொங்கிவிட்டது. எட்டியம்மா ஒரு நொடி அந்தச் சட்டியைப் பார்த்தாள். பிறகு பேனரை ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளினாள்.

"அடிப்பாவி! எடுத்துக்கினியா? என் சட்டியிலந்து எடுத்துக்கினியா?"

அஞ்சலாட்சி திகைத்துப் போனாள். அப்புறம் புரிந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள்.

"யாரு எடுத்தா? உன் சட்டிய நாயி மோக்குமா?"

"மோந்துச்சே! நான் குளிக்கப் போன நேரமாப் பாத்து ஊத்திக்கினு வந்துட்டியே! கொழம்பு வக்கத் தெரியாதவ, அடுத்தவ சட்டிய நக்கறவ. பாருங்கம்மா, பாத்து எழுதிக்கங்க! இவ கூடல்லாம் மனுசி குந்தி துன்னுவாளா?"

அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ விசில் அடித்தார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் தனி வீடு என்று குறிக்க டேப்லெட்டைத் திறந்துவிட்டாள்.

"போதும் போதும்," என்று டில்லிபாபு கையைக் காட்டினான்.

"இன்னா போதும்?" என்றாள் அஞ்சலாட்சி. அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நக்கறவளா? நான் நக்கறவளா? உன் மீன் நாத்தத்துல மூணு வருசமா பொழுது ஓட்றேனே, அத்த யாராவது எழுதறாங்களா? இந்த யூனிபார்ம மோந்து பாரு. ரெண்டு தபா சோப்பு போட்டாலும் போவல. சூப்பர்வைசர் எங்க குடியிருக்கேன்னு கேக்கறான். ரயில்வே குவார்ட்டர்ஸுன்னு பொய் சொல்றேன். சொல்லும்போதே மூக்கப் பொத்திக்கினு சிரிக்கிறான்."

"அந்த நாத்தம் போட்ட சோறுதான்டி உன் ஒடம்புல ஓடுது!"

"யாரு கேட்டா உன் சோத்த? இது என் புருசன் கட்ன வூடு. ஓடிப்போனவன் உட்டுட்டுப் போன சுமைய நாங்க தூக்கினோம்."

விசில் நின்றுவிட்டது.

எட்டியம்மா சத்தத்தைக் குறைத்தாள். அந்தத் தாழ்ந்த குரலைத்தான் தாங்க முடியவில்லை.

"உன் புருசனா? காய்ச்சல்ல போத்திக்கினு படுத்துக்கினு இருந்தவன எழுப்பி வண்டிய எடுன்னு தொரத்தனது யாரு? நான் ஒரு வார்த்த கேட்டிருப்பனா உன்ன? இந்த மூணு வருசத்துல?"

அஞ்சலாட்சியின் கண் ஓடியது, குழந்தை எங்கே என்று தேடுவது போல.

"எங்க போனான்?" என்றாள். "அன்னிக்கி எங்க போனான், சொல்லு. உன் மார்க்கெட்டுக்கு ஐஸ் எடுக்கத்தான போனான். நீதான மொத நாளு சாயந்தரம் வந்து, ஐஸ்காரன் வரமாட்டான், தம்பிய அனுப்புன்ன? உனக்கு அங்க நல்ல பேரு வாங்கணும். நான் எழுப்புனேன். நீ அனுப்ச்ச."

மிஷின்காரன் தரையைப் பார்த்தான். சின்னப் பெண் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. ரெண்டு பேரும் வந்து கை வைங்க."

முதலில் அஞ்சலாட்சி வைத்தாள். எட்டியம்மாவின் கட்டைவிரலை மிஷின் எடுக்கவில்லை. செவுள் முள்ளும் சாம்பலும் தேய்த்து ரேகையே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இடது சுண்டுவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பெயின்ட்காரன் முன்பக்கம் 88 என்றும் கால்வாய்ப் பக்கம் 88 ஏ என்றும் எழுதினான். அஞ்சலாட்சி பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனாள். எட்டியம்மா ரெண்டு சட்டிக் குழம்பையும் ஒரே சட்டியில் கொட்டினாள். யாரும் சாப்பிடவில்லை. சாயந்தரம் குழந்தைக்கு மட்டும் ஊட்டினாள்.

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் கறுப்பாக ஏறி வாசல்வரை வந்து நின்றது. கழற்றி விட்டிருக்க வேண்டிய பேனரைக் கழற்ற ரெண்டு பேருக்கும் கை வரவில்லை. பதினொன்றே முக்காலுக்கு ஒருத்தி செருப்பைக் கழற்றினாள், ஒருத்தி மாட்டினாள். "பாலு கீது," "பாப்பாக்கு மூக்கு ஒழுவுது," அவ்வளவுதான் பேச்சு. அஞ்சலாட்சிக்கு உள்ளே என்னவோ ஓடிக்கொண்டே இருந்தது. மாலில் கண்ணாடியைத் துடைக்கும்போது அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள் என்று கூட வேலை பார்க்கிறவள் சொன்னாள். எட்டியம்மா மார்க்கெட்டில் ஒருத்தரின் வஞ்சிரத்தை வறுவலுக்குப் பதிலாகக் குழம்புக்கு வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினாள்.

டில்லிபாபுதான் குளிர்ந்து போயிருந்தான். "பெரிம்மா, சினிமாவுல போயிருக்கலாம் நீ. இன்னா ஆக்டிங்கு!"

"நடிச்சனா?" என்றாள் எட்டியம்மா. அவன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் வரவில்லை.

வீடுகள் பெருங்குட்டையிலும் அத்திமேட்டிலும் என்று ஒரு வாரத்துக்கு முன்னாலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குலுக்கல் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. நண்டுமேடு பூராவும் நனைந்த குடையோடு தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு தகர உருளையைச் சுற்றி, சீட்டு எடுத்து, மைக்கில் படித்தார்கள். எண்பத்தெட்டு: பெருங்குட்டை, பதினாறாம் பிளாக், ஏழாவது மாடி. எண்பத்தெட்டு ஏ: அத்திமேடு, தரைத்தளம்.

பெருங்குட்டை தெற்கே முப்பது கிலோமீட்டர். அத்திமேடு வடக்கே இருபத்திரண்டு. நடுவில் ஊர் மொத்தமும் கிடக்கிறது.

அஞ்சலாட்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேசைக்குப் போனாள். "சார், எண்பத்தெட்டும் எண்பத்தெட்டு ஏவும் பக்கத்துல தரணும் சார்."

"யாரும்மா சொன்னா? குலுக்கல்ல எப்படி வருதோ அப்படித்தான்."

"நாங்க ஒரே குடும்பம் சார்."

அதிகாரி தாளைப் பார்த்தார். "தனி அடுப்பு, தனி வாசல், பேச்சுவார்த்தை இல்லைன்னு போட்டிருக்கு. சண்டைன்னு குறிப்பே எழுதியிருக்கு. இப்ப ஒரே குடும்பம்னா சர்வேல சொன்னது பொய்யா? பொய்ன்னு எழுதிக் குடுங்க, ரெண்டையும் ரத்து பண்ணிடறேன்."

டில்லிபாபு பாய்ந்து வந்தான். "சார் சார், அதெல்லாம் வாணாம். வேற வழி சொல்லுங்க."

"ஒருத்தர் விட்டுக்கொடுத்து எழுதிக் குடுக்கலாம். அவங்க இன்னொருத்தர் வீட்ல போய் இருந்துக்கலாம். அது அவங்க இஷ்டம்."

டில்லிபாபு ஒரு ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வந்தான். அதை யாரிடம் நீட்டுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. அந்த ஹாலில் யாருமே யோசிக்கவில்லை. எல்லாக் கண்ணும் எட்டியம்மா பக்கம் திரும்பிவிட்டது. குழந்தை இல்லாதவள், புருசன் இல்லாதவள், விட்டுக்கொடுக்கத்தானே பிறந்திருக்கிறாள்.

"இங்க ஒரு கைநாட்டு பெரிம்மா. அவ்ளோதான். அஞ்சலியக்கா கூடவே போயிடலாம். மேட்டர் ஓவர்."

எட்டியம்மா ஒதுக்கீட்டுச் சீட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதுல இன்னா எழுதிக்கீது? படி."

"அது எதுக்கு இப்ப?"

"படிடா."

"குடும்பத் தலைவர்: எட்டியம்மா. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை: ஒண்ணு."

"நான் வைக்க மாட்டேன்," என்றாள் எட்டியம்மா.

டில்லிபாபு சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று பார்த்தான். "இன்னா வெளாட்டு இது? ஒண்டிக்கட்ட, உனக்கு எதுக்கு வூடு? அந்தப் புள்ளைய நெனச்சுப் பாரு. சின்னப் பொண்ணு, கொழந்தய வச்சிகினு..."

"டேய் டில்லி. உங்கம்மா எங்கடா படுக்குது?"

"அது... எதுக்கு இப்ப?"

"கக்கூஸாண்ட பெஞ்சி மேல படுக்குது. உன் வூட்ல ஏ.சி. ஓடுது. நீ எனக்கு சொல்ல வந்துட்டியா?"

பின்வரிசையில் சிரிப்பு வந்தது. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்து ஹாலுக்கு வெளியே, தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மழை சாய்வாக அடித்து ரெண்டு பேரின் காலையும் நனைத்தது.

"அண்ணி, அன்னிக்கி பேசனதுக்கா? அதுக்கா இப்டி பண்ற? நான் கால்ல உழறேன். அது அந்தக் கணக்குக்காரி எதிர்ல..."

"அது நெசம்," என்றாள் எட்டியம்மா. "நீ சொன்னதும் நெசம், நான் சொன்னதும் நெசம். அவ மட்டும் வரலன்னா செத்தாலும் பேசியிருக்க மாட்டோம். அதுக்கில்ல இது."

"அப்பறம் இன்னாத்துக்கு? பாப்பாவ யாரு பாத்துக்குவா? ஒரு மணிக்கு நான் வேலைக்குப் போவணும். அங்கேயிருந்து மாலுக்கே ரெண்டு மணி நேரம். ஏழாவது மாடில அஞ்சு வயசுக் கொழந்தய வச்சுப் பூட்டிட்டுப் போவவா?"

"தெர்ல."

"தெர்லயா?"

"தெர்லமே. மெய்யாலுமே தெர்ல. உன் கூட வந்தா, எனக்கு மார்க்கெட்டு போச்சு. பெருங்குட்டையிலந்து நாலு மணிக்கு இன்னா பஸ்ஸு கீது? பதினோரு வருசம் அடிச்சுப் புடிச்ச எடம். ஒரு நாள் போவலன்னா அந்த வள்ளி கட்டையப் போட்டு குந்திடுவா. அத்திமேட்டுலந்து மொத ரயிலு மூணே முக்காலுக்கு. விசாரிச்சிட்டேன்."

"எப்ப விசாரிச்ச?"

எட்டியம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

"எப்ப விசாரிச்ச? சீட்டு வந்து அரை மணி நேரம் ஆவல."

"போன வாரமே ரெண்டு ஊருக்கும் விசாரிச்சேன். எது வந்தாலும்னு."

அஞ்சலாட்சி அவளைப் பார்த்தாள். மூன்று வருசம் பக்கத்தில் படுத்த முகத்தை முதல் தடவை பார்க்கிற மாதிரி.

"அப்ப நீ தனியா போறதாத்தான் இருந்த."

"அப்பன் வூட்ல இருந்தேன். கட்டனவன் வூட்ல இருந்தேன். தம்பி வூட்ல இருந்தேன். இப்ப தம்பி பொண்டாட்டி வூட்ல இருக்கணும். உனக்குக் கோவம் வரும், நான் குந்திக்கணும். உனக்கு சந்தோசம் வரும், நான் குந்திக்கணும். நாளைக்கி நீ ஒருத்தனக் கட்டிக்குவ. கட்டிக்கணும், சின்ன வயசு. அப்ப நான் அவன் வூட்ல குந்திக்கணும். இந்தச் சீட்டுல ஒண்ணுன்னு போட்டுக்கீது அஞ்சலி. அந்த ஒண்ணு நான்."

"நல்லா பேசற. சோக்கா பேசற." அஞ்சலாட்சிக்குக் குரல் உடைந்து, கோபமாக மாறியது. "நான் மட்டும் இன்னா பண்ணுவேன்? வேலைய உட்டுட்டு ஏழாவது மாடிலந்து கால்வாயத் தேடிகினு குந்திக்கவா?"

"வேற வேல தேடு. காலைல போற வேலையாத் தேடு. பள்ளிக்கூடத்துல போடு அவள."

"சொல்றது ஈஸி."

"ஈஸி இல்ல. எனக்கு அங்க யாரு கீறா? ஒருத்தர் மூஞ்சி தெரியாது."

மழை கொஞ்சம் விட்டது. உள்ளே மைக்கில் தொண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஓலம் எழுந்தது. அண்ணன் தெற்கே, தம்பி வடக்கே. மாமியார் தெற்கே, மருமகள் வடக்கே; அங்கே மட்டும் கைதட்டினார்கள். நண்டுமேட்டில் அவசரமாக முளைத்த அத்தனை அடுப்பும் தகர உருளைக்குள் நிஜமாகிக்கொண்டிருந்தது. இந்தப் பகுதி மக்கள் விருப்பத்தோடு இடம்பெயர்ந்தார்கள் என்று அடுத்த நாள் பேப்பரில் வந்தது.

ஃபாரம் வெற்றாகவே திரும்பிப் போனது.

லாரி எட்டு நாள் கழித்து வந்தது. தெற்கே போகிறவை கால்வாய் ஓரம், வடக்கே போகிறவை தண்டவாளம் ஓரம். காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஜேசிபி ஒன்று இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, பசியோடு பந்தி வாசலில் நிற்கிறவன் மாதிரி நின்றது.

எட்டியம்மா பாத்திரங்களை ரெண்டாகப் பிரித்தாள். பெரிய சட்டி அஞ்சலாட்சிக்கு, சின்னது தனக்கு. தலையணை ரெண்டையும் அஞ்சலாட்சி பக்கம் வைத்தாள். அஞ்சலாட்சி ஒன்றைத் தூக்கி அவள் மூட்டைமேல் எறிந்தாள். பொன்னுரங்கம் படத்தை அஞ்சலாட்சி எடுத்துத் துடைத்து, நாத்தனாரிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? உன் புருசன்."

"உன் தம்பி."

"பாப்பாவுக்கு அப்பன் மூஞ்சி தெரியணும். நீயே வச்சுக்க."

மோனிஷாவைத் தூக்கி முத்தம் கொடுத்தபோது அது நெளிந்தது. "அத்த, நீ பின்னாடி வண்டில வரியா?" என்று கேட்டது. எட்டியம்மா, "என் வண்டி வேற," என்றாள். குழந்தைக்கு அது பெருமையாகப் பட்டது. அத்தைக்கு வேற வண்டி என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடியது.

வடக்கு லாரியில் எட்டியம்மா பின்னால் ஏறவில்லை. டிரைவரிடம் போய், "நான் முன்னாடி குந்திக்கறேன்," என்றாள்.

"முன்னாடி இடமில்ல ஆயா."

"யாரு உனக்கு ஆயா? தள்ளி குந்து." ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் அருவாமனை, சாக்கில் சுற்றினது.

அஞ்சலாட்சி கிட்டே போகவில்லை. தன் லாரியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். முந்தின நாள் மாலில் கணக்கு முடித்துக்கொண்டு வந்திருந்தாள். நீல யூனிபார்மைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெருங்குட்டையில் என்ன வேலை இருக்கிறது, யார் தருவார்கள், எதுவும் தெரியாது. வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்தாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. வாரியத்தையா, டில்லியையா, முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவளையா.

வடக்கு லாரி நகர்ந்தது. தண்டவாளத்துப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கொஞ்சம் நின்றது. எட்டியம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"அஞ்சலி! ஏ அஞ்சலி!"

"இன்னா?"

"ஞாயித்துக்கெழம பாப்பாவ இட்டுகினு என் வூட்டுக்கு வா! மொத தபா வர, வெறுங்கைய ஆட்டிகினு வராத!"

அஞ்சலாட்சிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வெறுங்கையோடு வராதேயாம். என் வூடாம். விருந்தாளியாம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் மூத்திரம் போகக்கூட எழுந்திருக்க முடியாது. இவள் வாழ்நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்ததில்லை. வீடு வைத்திருக்கிறவர்கள் பேசுகிற பேச்சைப் பேசிப் பார்க்கிறாள்.

லாரி மேடேறிவிட்டது. அஞ்சலாட்சி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். சேற்றில் நாலு எட்டு ஓடினாள். ஜேசிபி சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஞாயித்துக்கெழம நீ வூட்ல இருக்க மாட்ட, கெய்வி! செவ்வாக்கெழம வரேன்!"